ரெண்டு வச்சாங்க, சிஸ்டர்

பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் குடியிருப்புகளில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்றால் வீட்டாருக்கு அடுத்து எனக்குத்தான் தெரியும். அரசின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் போட என்னிடம்தான் வருவார்கள்.

சில வருடங்களுக்கு முன், மீன்பிடி தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன வாரம், ஒரு பெண் ஸ்கேன் சீட்டோடு வந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம். ஓரியூர் தேவாலயத்தில் நேர்ந்துகொண்டவள், ஏர்வாடி தர்காவுக்கும் போய் வந்தவள். தடைக்காலத்தின் 61 நாளும் புருஷன் கரையில் இருப்பார் என்று ஏப்ரலிலேயே மதுரைக்குப் போய், கருவை வெளியே உருவாக்கிக் கர்ப்பப்பையில் வைக்கும் சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறார்கள். வருமானமே இல்லாத மாதங்கள் அவை. நகை அடகுக்குப் போனது, மீதிக்கு வட்டிக் கடன்.

“ரெண்டு வச்சாங்க, சிஸ்டர். ரெண்டுமே நின்னுருச்சு” என்றாள்.

“கொடுத்து வச்சவதான் நீ” என்றேன்.

பயிற்சி முடித்து இத்தனை வருடம் வேலை பார்த்தவள் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை அது. இரட்டைக் கரு என்றால் குறைப்பிரசவம், ரத்தக்கொதிப்பு, ரத்தச்சோகை எல்லாமே கூடும் என்று பதிவேட்டில் சிவப்பு மையால் குறிக்கிறவள் நான். அன்றும் குறித்தேன். வாய் மட்டும் ஊர் பேசுவதையே பேசியது.

கார்த்திகை மழையில், 31-வது வாரத்திலேயே பனிக்குடம் உடைந்தது. 108-இல் பாலம் தாண்டி ராமநாதபுரம் போனோம். மூத்தது 1,300 கிராம், இளையது 1,150. மூச்சுக்குக் குழாய், உடம்புச் சூட்டுக்கு வார்மர். பிறகு நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு முறை. உறிஞ்சத் தெரியாத வாய்க்குப் பாலாடையில் சொட்டுச் சொட்டாகத் தாய்ப்பால். ஒரு பிள்ளைக்குப் புகட்டி முடிப்பதற்குள் அடுத்ததற்கு நேரமாகிவிடும். நாற்பது நாளுக்கு மேல் அவள் சேர்ந்தாற்போல் தூங்கியதில்லை. அதற்கிடையிலேயே கண். எடை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்கு விழித்திரை கெடலாம் என்பதால் நாலாவது வாரத்திலிருந்து பரிசோதனை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டையும் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனார்கள். அவள் புருஷன் கடலுக்குப் போகாத நாள்களை நான் எண்ணியதில்லை. கடன்காரர் எண்ணினார்.

இளையதுக்கு லேசர் வைத்தார்கள். பார்வை தப்பியது.

அதற்குப் பிறகுதான் இதைத் தேடித் தேடிப் படித்தேன். இரண்டு வைத்தால் பிள்ளை நிற்க இரண்டு மடங்கு வாய்ப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஸ்வீடன், நார்வே, டென்மார்க்கில் 36 வயதுக்குட்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு இரண்டு கரு. மற்றதற்கு ஒன்று, அது நிற்காவிட்டால் உறைய வைத்த இன்னொன்று. பிள்ளை பிறந்தது முதல் பிரிவில் 42.9 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 38.8. அப்படிப் பிறந்ததில் ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் முதல் பிரிவில் 33.1 சதவீதம், இரண்டாவதில் 0.8. அந்தக் கடைசி எண்ணைப் படித்தபோது இளையதின் முகம்தான் ஞாபகம் வந்தது. (ஒரு கருவே இரண்டாகப் பிரிவதும் எப்போதாவது உண்டு. அதை யாரும் தடுக்க முடியாது.)

பிரிட்டனில் 2008 வாக்கில் இந்தச் சிகிச்சையில் நடந்த பிரசவங்களில் நாலில் ஒன்று இரட்டையோ அதற்கு மேலோ. அங்குள்ள கண்காணிப்பு ஆணையம் அதைப் பத்து சதவீதத்துக்குள் கொண்டுவரச் சொல்லி மையங்களுக்கு இலக்கு வைத்தது. 2019-இல் ஆறு சதவீதம். நம் நாட்டில் 2005-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதல் வழக்கமான நிலையில் மூன்றுக்கு மேல் வைக்க வேண்டாம் என்றது. வாடகைத் தாய்க்கான 2022 விதியில் ஒரு கருதான், சிறப்புச் சூழலில் மட்டும் மூன்று வரை. 2021-இன் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, வெற்றி வாய்ப்பு, ஆபத்து, செலவு எல்லாவற்றையும் மையம் தம்பதியிடம் விளக்க வேண்டும்.

விளக்கினாலும் என் பகுதிப் பெண்கள் இரண்டுதான் கேட்பார்கள். போன மாதம் ஒருத்தி கேட்டாள்: “ஒன்னு வச்சு நிக்கலைன்னா, மறுபடி வைக்கக் காசு யாரு தருவா, அக்கா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நாடு பெல்ஜியம். 2003-இல் அங்கே ஆறு முறை வரை ஆய்வகச் செலவைக் காப்பீடே ஏற்றது. அதற்கு ஈடாக, 36 வயதுக்குட்பட்டவர்களுக்கு முதல் முறை ஒரே கரு. இரட்டைப் பிரசவம் வெகுவாகக் குறைந்தது. காசைக் கொடுக்காமல் விதியை மட்டும் போட்டால், அது அடகு வைத்தவளின் தலையில்தான் விடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேட்டவளை அந்தத் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். பிள்ளைகள் இப்போது பால்வாடிக்குப் போகிறார்கள், இளையது கண்ணாடி போட்டிருக்கிறது. ஒரு மணி நேரம் பேசினார்கள். “ரெண்டும் என் உசுருதான். ஆனா அந்த நாப்பது நாள் உனக்கு வேணாம்” என்றாள் தாய்.

வந்தவளின் சீட்டுக்குப் பின்னால் மதுரை டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதிக் கொடுத்தேன். ஒன்று வைத்தால் மிச்சத்தை உறைய வைப்பீர்களா? அதற்கு வருடத்துக்கு எவ்வளவு? மறுமுறை வைக்க எவ்வளவு? அந்தக் கடைசிக் கேள்வியோடு, தவணையில் கட்டலாமா என்றும் சேர்த்து எழுதச் சொன்னது அவள் புருஷன்.