ஃபிரிக்செல் ஏரிச் சேறு: முகாம் நாட்குறிப்பு

நவம்பர் 11

ஹெலிகாப்டர் எங்களையும் பெட்டிகளையும் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. மெக்மர்டோ நிலையத்தில் இருந்து உறைந்த கடலைத் தாண்டி டெய்லர் பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் வெள்ளை போய்விடுகிறது. கீழே பழுப்பு மண், கல், மறுபடியும் கல். அண்டார்டிகாவில் பனி மூடாத நிலம் சொற்பம். அதில் பெரிய பரப்பு இந்த மெக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகள்தான். விழுகிற கொஞ்சநஞ்சப் பனியும் பெரும்பாலும் உருகாமலே நேரடியாக ஆவியாகிவிடுகிறது.

பள்ளத்தாக்கில் மூன்று பெரிய ஏரிகள். கடல் பக்கம் ஃபிரிக்செல், நடுவில் ஹோர், உள்ளே தள்ளி பானி. மூன்றின் மேலும் வருஷம் முழுக்க சில மீட்டர் கனத்தில் பனிக்கட்டி மூடிக் கிடக்கிறது. கோடையில், அதாவது இங்கே டிசம்பர், ஜனவரியில், ஓரத்தில் மட்டும் ஒரு வளையமாக உருகும். அது உருகி அகலமானால் கரையில் இருந்து ஏரிமேல் ஏறுவதே பாடாகிவிடும் என்பதால்தான் நவம்பரிலேயே வந்துவிட்டோம்.

வேலை: அடிச்சேற்றை எடுத்து, அதன் துகள்களுக்கு இடையே தேங்கியிருக்கும் நீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று அளப்பது.

நவம்பர் 12

கூடாரம், அடுப்பு, சிறுநீர் பாட்டில். இங்கே எதையும் நிலத்தில் ஊற்றக் கூடாது, பாத்திரம் கழுவிய தண்ணீர் உட்பட. எல்லாம் பீப்பாயில் ஏறி ஹெலிகாப்டரில் வெளியே போகும். ஊட்டச்சத்தே இல்லாத மண்ணில் ஒரு குவளைச் சிறுநீர் எத்தனை பேருடைய அளவீட்டைக் கெடுக்கும் என்று யோசித்தால் விதி நியாயமானதுதான். பாட்டிலைத் தூக்கி நடக்கும்போது மட்டும் நியாயமாகத் தோன்றுவதில்லை.

நவம்பர் 14

துளை போட்டோம். மோட்டார் வைத்த கைத்துரப்பணத்தில் முதல் இரண்டு மீட்டர் சுலபமாக இறங்கியது. அப்புறம் கரகர என்று ஒரு சத்தம், அலகு மழுங்கிவிட்டது. காரணம் மணல். காற்று மலைச்சரிவில் இருந்து மணலை அள்ளி ஏரிமேல் கொட்டுகிறது. கருத்த மணல் வெயிலை வாங்கிச் சூடாகித் தன் கீழே உள்ள பனியை உருக்கிக்கொண்டே இறங்கும். ஓர் ஆழத்துக்கு மேல் வெயில் போதாமல் அங்கேயே நின்றுவிடும். மேற்பரப்பு வருஷாவருஷம் ஆவியாகித் தேய, அடியில் அதே அளவு புதிதாக உறைந்து ஒட்டிக்கொள்ள, இந்த மணல் அடுக்கு பனியின் நடுவே அப்படியே தங்கிவிடுகிறது. பனியில் பிளவு விழுந்தால் அதன் வழியாக அடிக்குக் கொட்டும்.

அலகை மாற்றி, ஒருவழியாக நீரைத் தொட்டோம். துளையை அகலப்படுத்தச் செம்புச் சுருள் ஒன்றை உள்ளே விட்டு, அதில் சூடான கிளைக்கால் திரவத்தை ஓட விட்டிருக்கிறோம். நாளைக்குள் உருகிவிடும்.

நவம்பர் 15

துளை உருகும்வரை வேலை இல்லை. ஏன் இந்த ஏரி என்பதை எழுதிவைக்கிறேன்.

சாதாரண ஏரியைக் காற்று கலக்கிக்கொண்டே இருக்கும். இங்கே பனிமூடி காற்றை நீரிடம் அண்டவிடுவதில்லை. அடிநீரில் உப்பு அதிகம், அதனால் கனமும் அதிகம், மேலே வராது. ஆக, கரைந்த பொருள் ஒன்று மேலிருந்து கீழோ கீழிருந்து மேலோ போக வேண்டுமானால் பெரும்பாலும் மூலக்கூறுகளின் தள்ளாட்டத்தை நம்பித்தான் போக வேண்டும். அது எவ்வளவு மந்தம் என்றால், ஒரு சென்டிமீட்டர் பரவ ஏறக்குறைய ஒரு நாள். ஒரு மீட்டருக்கு முப்பது வருஷத்தை ஒட்டி. பத்து மீட்டருக்கு மூவாயிரம் வருஷம் அளவில். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு.

இந்தக் கணக்கை வைத்து 1964-இல் ஏ. டி. வில்சன் பக்கத்து ரைட் பள்ளத்தாக்கின் வாண்டா ஏரிக்குத் தேதி போட்டார். அடியில் இருந்த கடும் உப்புநீரின் உப்பு மேலுள்ள நன்னீருக்குள் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்த்து, சுமார் 1,200 வருஷத்துக்கு முன்பு ஏரி வற்றிச் சுருங்கியிருந்தது, அப்புறம் உருகுநீர் வந்து மேலே நிரம்பியது என்றார். பேனாவும் காகிதமும் வைத்துச் செய்த அந்த வேலைமேல் எனக்குப் பொறாமை உண்டு.

நவம்பர் 17

முதல் சேற்றுக்குழாய் வந்தது! ஏரியின் ஆழமான பகுதி, பதினெட்டு மீட்டரை ஒட்டி. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், தன் எடையிலேயே சேற்றில் இறங்கும். பனித்துளையின் வாய்க்கு வருவதற்குள், நீருக்குள்ளேயே அடியில் ரப்பர் மூடியை அழுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மொத்தமும் வழுக்கிக்கொண்டு ஏரிக்கே போய்விடும்.

குழாயில் மேலே ஒரு சாண் தெளிந்த நீர், அதற்குக் கீழே கரிச்சேறு. கறுப்பில் அங்கங்கே சாம்பல் நிற மணல் கோடுகள். மூடியைத் துளி தளர்த்தினாலே அழுகிய முட்டை நாற்றம் கூடாரம் முழுக்க. ஹைட்ரஜன் சல்ஃபைடு.

இனி எல்லாம் ஆக்சிஜனோடு ஓட்டப்பந்தயம். இந்தச் சேறு இருக்கும் ஆழத்தில் ஆக்சிஜன் அறவே இல்லை. ஃபிரிக்செல்லில் அது பத்து மீட்டரை ஒட்டியே தீர்ந்துவிடுகிறது. காற்றுப் பட்டால் கறுப்பு கண்முன்னே பழுப்பாகும், சல்ஃபைடு காணாமல் போகும். நாம் அளக்க வந்த வேதியியல் அத்தோடு சரி. அதனால்தான் குழாயை அப்படியே உறைய வைத்து ஊருக்கு அனுப்பி அங்கே அளந்துகொள்ளலாம் என்கிற பேச்சு எனக்கு ஒத்துவராது. உறைந்தாலும் உருகினாலும் துகளுக்கு இடையே உள்ள நீர் இடம் மாறும். அளக்க வேண்டியதை ஏரிக்கரையில் அளந்துவிட வேண்டும், விரல் மரத்துப் போனாலும்.

குழாயின் பக்கவாட்டில் சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஓட்டை போட்டு டேப் ஒட்டியிருக்கிறோம். டேப்பைக் குத்தி, நுண்துளைகள் உள்ள குச்சி வடிகட்டியைச் சேற்றுக்குள் செருகி, மறுமுனையில் சிரிஞ்சை இழுத்துப் பிடித்து ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டால் வெற்றிடம் மெல்ல உறிஞ்சும். குழாயின் பக்கவாட்டில் சிரிஞ்சுகள் வரிசையாக நீட்டிக்கொண்டு நிற்க, உள்ளே சொட்டு சொட்டாக நீர். முதல் சொட்டுகள் துத்தநாக அசிடேட் உள்ள குப்பிக்கு. சல்ஃபைடு இருந்தால் உடனே பால்போல் வெண்மையாகத் திரியும், அப்புறம் வினைப்பொருள் சேர்த்தால் நீலம். அடுத்தது இரும்புக்கு. ஃபெரோசின் சேர்த்தால், கரைந்த இரும்பு இருந்தால் ஊதா.

இரண்டும் ஒரே ஆழத்தில் சேர்ந்து வருவது அரிது. சல்ஃபைடு கிடைக்கும் இடத்தில் கரைந்த இரும்பை அது பிடித்து இரும்பு சல்ஃபைடாக வீழ்த்திவிடும். சேற்றின் கறுப்பே அதுதான். இன்று எங்கள் குப்பிகள் வரிசையாக நீலம், ஊதா பெயருக்குக்கூட இல்லை.

நவம்பர் 18

பீடபூமிப் பக்கம் இருந்து காற்று. ஏரிமேல் போக முடியவில்லை.

தம்பி மின்னஞ்சலில் கேட்டிருந்தான்: வாஸ்டாக் ஏரியில் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் பனியைத் துளைத்தார்களே, அதைவிடவா இது பெரிது? ரஷ்யர்கள் 2012 பிப்ரவரியில் அந்த ஏரியைத் தொட்டது பெரிய சாதனைதான். ஆனால் துளை மூடிக்கொள்ளாமல் இருக்க உள்ளே மண்ணெண்ணெய் நிரப்பியிருந்தார்கள். மேலே வந்த மாதிரியில் எது ஏரியுடையது, எது துளையுடையது என்ற சண்டை அதனால் வந்தது. அடிச்சேற்றை இன்னும் யாரும் தொட்டதில்லை. என்னைக் கேட்டால் 2013 ஜனவரியில், அதே மாதிரி பனிக்கு அடியில் புதைந்து கிடக்கும் வில்லன்ஸ் ஏரியில் நடந்ததுதான் பெரிய விஷயம். வடிகட்டி, புற ஊதா ஒளியில் கிருமி நீக்கிய வெந்நீரால் 800 மீட்டர் பனியை உருக்கி, நீரையும் சேற்றையும் சுத்தமாக எடுத்தார்கள். வெயிலே படாத அந்தச் சேற்றின் நீரில் மீத்தேன் இருந்தது. அது மேலே ஏறி ஏரிநீரைத் தொடும் இடத்தில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன.

ஃபிரிக்செல்லிலும் கதை அதேதான். அடியில் ஏராளமான மீத்தேன் இருக்கிறது, மேல்நீரில் கிட்டத்தட்ட இல்லை. வழியில் தின்னப்படுகிறது, அதுவும் பெரும்பகுதி ஆக்சிஜன் இல்லாத நீரிலேயே. செய்திக்கு வேண்டுமானால் நாலு கிலோமீட்டர் பனி தேவைப்படலாம். இந்தக் கேள்விக்கு நாலு மீட்டரே போதும்.

நவம்பர் 21

இன்று ஆழம் குறைந்த இடம், பத்து மீட்டருக்கு அருகே. குழாயில் வந்ததைப் பார்த்து எல்லோரும் கொஞ்ச நேரம் வேலையை விட்டுவிட்டோம். சேற்றின்மேல் நுண்ணுயிர்ப் பாய். விரல்நகக் கனம்கூட இல்லாத மேல்தோல் பழுப்பு கலந்த ஊதா, அடியில் பச்சை, அதற்கும் கீழே ஏடு ஏடாகப் பழைய பாய்கள். பனியைத் தாண்டி இங்கே எட்டும் வெளிச்சம் மிகச் சொற்பம். அதை வைத்துக்கொண்டே இது ஒளிச்சேர்க்கை செய்கிறது.

2015-இல் டான் சம்னர் குழுவினர் இதே ஏரியில் ஒன்றைக் காட்டினார்கள். சுற்றியுள்ள நீரில் ஆக்சிஜன் இல்லாத ஆழத்திலும், கோடையில் பாய்க்குள் மட்டும் ஓரிரு மில்லிமீட்டருக்கு ஆக்சிஜன் உண்டாகிறது. பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்பு. அதற்கு முன்பே, எதிலும் ஆக்சிஜன் இல்லாத உலகில், இப்படிச் சின்னச் சின்னத் திட்டுகளில் அது இருந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். ஆக்சிஜனை அளக்கும், நுனி மயிரிழை அளவுள்ள மின்முனையை நுண் திருகால் கீழே இறக்கி, ஒவ்வோர் இழையாக அளந்தோம். திரையில் ஒரு சிறு மேடு எழும்பி விழுந்தது. அவ்வளவுதான், ஆனால் எழும்பியது.

நவம்பர் 24

சாப்பாட்டு மேசையில் வயது பற்றிச் சண்டை. குழாயின் அடிப்பகுதி எவ்வளவு பழையது? கதிர்க்கார்பன் சோதனைக்கு அனுப்பலாமே என்கிறார் நீரடி முக்குளிப்புக்கு வந்தவர். அனுப்பலாம், நம்பத்தான் முடியாது. உயிர் வளரும்போது அதன் கார்பன் காற்றில் இருந்து புதிதாக வந்தது என்று வைத்துக்கொண்டுதான் அந்தச் சோதனை வயது சொல்லும். பனிமூடியால் ஏரிக்கும் காற்றுக்கும் போக்குவரத்து இல்லை, வந்து சேரும் பனியாற்று நீரே பழைய கார்பனோடு வருகிறது. பானி ஏரியின் மேற்குப் பகுதியில் அடிநீரில் கரைந்துள்ள கார்பன் 20,000 வருஷத்துக்கு மேல் வயது காட்டுகிறது. அந்த நீரில் இன்று வளரும் உயிரும் பிறக்கும்போதே கிழம். காற்றைத் தொடும் கரையோரத்துப் பாய்கள் மட்டும்தான் ஏறக்குறைய சரியான வயது சொல்லும். இந்த ஏரிகளின் பழைய நீர்மட்டம் பற்றி எழுதப்பட்டதில் எத்தனை தேதிகளை இதனால் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது என்று யாராவது கணக்கெடுத்தால் சுவாரசியமாக இருக்கும். கேட்டுப் பலர் கோபப்படுவார்கள்.

நவம்பர் 27

குப்பிகளைக் கட்டியாயிற்று. மீத்தேனுக்கு எடுத்த சேறு காரக் கரைசலில் மூழ்கி, அலுமினிய மூடி இறுக்கி, தலைகீழாக அடுக்கியிருக்கிறது. சல்ஃபேட்டும் குளோரைடும் ஊர் போய்த்தான் அளக்க வேண்டும்.

ஆழமான இடத்துக் குழாய்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றில் சல்ஃபைடு சீராக ஏறுகிறது, சில மீட்டர் தள்ளி எடுத்த இன்னொன்றில் மணல் அடுக்கு வரும் இடத்தில் முறிந்து மறுபடி ஏறுகிறது. பிளவு வழியே ஒரே இடத்தில் மணல் கொட்டியிருந்தால் அப்படித்தான் இருக்கும். ஒரே குழாயை வைத்து ஏரி முழுவதற்கும் கணக்குப் போடும் கட்டுரைகள்மேல் எனக்கு முன்பே சந்தேகம், இப்போது கூடிவிட்டது. அடுத்த பருவத்தில் பனியில் மணல் அதிகம் உள்ள இடம், இல்லாத இடம் இரண்டையும் பிரித்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நாளை கனடா பனியாற்றுக்கு அந்தப் பக்கம், ஹோர் ஏரி. அங்கே நன்னீர், சல்ஃபைடு உண்டாகத் தேவையான சல்ஃபேட் குறைவு, நீரின் பெரும்பகுதியில் ஆக்சிஜன் நிறையவே உண்டு. குப்பிகள் ஊதாவாகும் என்று நான் பந்தயம் கட்டியிருக்கிறேன். சேற்றில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு தீரும்வரை இரும்பு கரைந்து சேர விடாது, ஊதாவைப் பார்க்கப் பத்து சென்டிமீட்டராவது இறங்க வேண்டும் என்கிறார் தலைமை ஆய்வாளர். தோற்றவர் ஹோரில் துளை போடும்போது மணல் அடுக்கில் துரப்பணத்தைப் பிடிக்க வேண்டும்.