பாங்கி நகரின் கர்தினால்

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கி. 2013 டிசம்பரில் பெரும்பாலும் முஸ்லிம்களைக் கொண்ட செலேகா, பெரும்பாலும் கிறிஸ்தவர்களைக் கொண்ட ஆன்டி-பலாக்கா என்ற ஆயுதக் குழுக்கள் அங்கே மதத்தைப் பார்த்து ஆளை வெட்டிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் கத்தோலிக்கப் பேராயர் தியூதொன்னே இன்சப்பலைங்கா தன் இல்லத்தில் அடைக்கலம் கொடுத்தது யாருக்குத் தெரியுமா? நாட்டு முஸ்லிம்களின் தலைவரான இமாம் ஓமர் கொபின் லயாமாவுக்கு! ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில். அடைக்கலம் கொடுத்தவர் உயிருக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

சுவிசேஷ சபைப் போதகர் நிக்கோலா கெரெக்கோயாமேயும் சேர்ந்துகொள்ள, மூவரும் ஒன்றாக ஊர் ஊராகப் போனார்கள். பழி வாங்கத் துடித்த இளைஞர்கள் முன்னால் மூவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசினார்கள். மேடையில் கைகோத்துப் படம் எடுத்துக்கொள்ளும் நல்லிணக்கத்தைப் பார்த்துச் சலித்த எனக்கு, இது வேறு வகைத் துணிச்சலாகத் தெரிகிறது.

2016இல் போப் பிரான்சிஸ் பேராயர் இன்சப்பலைங்காவைக் கர்தினால் ஆக்கினார்; கத்தோலிக்கச் சபையில் போப்புக்கு அடுத்த நிலைப் பதவி அது. அப்போது அவர் வயது 49. பதவி வந்ததும் அரண்மனைக்குள் அமர்ந்துவிடவில்லை. 2017 மே மாதம் அவர் பிறந்த மண்ணான பங்காசூவில், மசூதிக்குள் தஞ்சம் புகுந்த முஸ்லிம்களை நோக்கி வெளியிலிருந்து குண்டு பாய்ந்துகொண்டிருந்தது. கர்தினால் நேரில் போய் அவர்களோடு நின்றார்.

இமாம் லயாமா 2020இல் காலமானார். கர்தினால் இன்னும் பாங்கியில்தான் பணி செய்கிறார். இவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.