சித்திரையில் அளந்த குழி

“சித்திரையில அளந்தா கார்த்திகைக்கு ஆவுமா தம்பி?” என்று, செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழிக்காக நிலத்தடி நீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்த என்னிடம் அந்த வீட்டு அம்மா கேட்டதற்கு நான் சொன்ன பதிலை இரண்டு வருடங்களாக மனதுக்குள் எடைபோட்டுக்கொண்டே இருக்கிறேன். “முப்பது வருஷமா இந்தக் கரையில இப்படித்தாம்மா போடுறோம்” என்றேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்து பதினோரு வருடம்தான் ஆகிறது. முப்பது என்பது எங்கள் மேஸ்திரியின் கணக்கு.

அன்று ஏழாவது அடியில்தான் ஈரம் தட்டியது. நாடாவை இறக்கி அளந்ததையே குறிப்பேட்டில் எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீர் உறிஞ்சுகுழி வழியாக மண்ணில் வடிய வேண்டுமானால், குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே காய்ந்த மண் வேண்டும். கிருமிகளைப் பிடித்து நிறுத்துவது அந்த மண்ணும் அதனுள் இருக்கும் காற்றும்தான். அந்த இடைவெளியை மழைக்கால உச்சமட்டத்தை வைத்துக் கணக்கிட வேண்டும் என்பதும் நான் அறியாததல்ல. அந்த அம்மாவோ கொல்லைக் கிணற்றின் உட்சுவரில் படிந்திருந்த பாசிக் கோட்டைக் காட்டினார். “கஜாவுக்கு அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் இதுவரைக்கும் வருது” என்றார். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த ஒரு புயல், நிலத்தடி நீரை நிரந்தரமாக உயர்த்திவிடாது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது சரிதான். ஆனால் தரையிலிருந்து இரண்டடிகூட இல்லாத அந்தக் கோட்டுக்கு நாடாவைப் பிடித்துப் பார்க்க நான் குனியவில்லை.

மூன்றடி மணல் மேடு கட்டி, அதில் கழிவுநீரை வடியவிட்டிருக்கலாம். அப்படிச் செய்தால் கழிப்பறையையும் உயர்த்த வேண்டும். செலவும் கூடும், முழங்கால் வலியுள்ள அவர் படியேறி இறங்கவும் வேண்டும். இதை அன்றைக்கே யோசித்தேனா, பிறகு எனக்கு நானே சமாதானமாகச் சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கார்த்திகையில் அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்தார்: ஊற்றும் தண்ணீர் இறங்கவில்லை, பீங்கானுக்குள் குமிழி விடுகிறது என்றார். நேரில் போகாமலே, லாரியை வரவழைத்து டேங்கை உறிஞ்சிவிடச் சொன்னேன். முதல் பதிலைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. சுற்றிலும் நீர் ஊறிய மண்ணில் வெறும் டேங்க் ஒரு படகைப் போன்றது; 2,000 லிட்டர் டேங்க் முழுக்க நீருக்குள் இருந்தால் ஏறக்குறைய 2 டன் விசை அதை மேலே தள்ளும். மறுநாள் காலையில் பிளாஸ்டிக் டேங்கின் கழுத்து, மேலே பூசிய சிமெண்டைப் பிளந்துகொண்டு ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி நின்றது. கழிப்பறையிலிருந்து வரும் குழாய் முழங்கை வளைவில் வாய் பிளந்து கிடந்தது. அன்றிலிருந்து அவர்கள் கிணற்று நீரைத் தொடுவதில்லை, கேன் வாங்குகிறார்கள். அந்த அம்மா என்னிடம் கோபப்படவில்லை. டீ கொடுத்தார்.

கடல்மட்டம் உயர்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது. 1993 முதல் செயற்கைக்கோள்கள் அளந்ததில் உலக சராசரி ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. ஒரு செங்கல்லின் அகலம்கூட முழுதாக இல்லை. சித்திரைக்கும் கார்த்திகைக்கும் நடுவே நான் தவறவிட்டதோ ஐந்தடி. ஆனாலும் கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல்தான் மிதக்கிறது. கடல் ஏறினால் அதுவும் ஏறும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும் என்பதால் மழையும் கொட்டினால் மொத்தமாகக் கொட்டுகிறது. மேஸ்திரியின் முப்பது வருடக் கணக்கு அன்றைய கடலுக்குப் போட்டது. அதை நான் இன்றைய கடலுக்கு நீட்டினேன். இப்படி எழுதும்போது குற்றம் மறுபடியும் என் கையிலிருந்து நழுவி மேஸ்திரியிடம் போவதையும் கவனிக்கிறேன்.

புது டேங்கை கான்கிரீட் அடித்தளத்தில் பட்டை போட்டுக் கட்டிக் கொடுத்தோம். அதற்கு நான் பணம் வாங்கவில்லை. உறிஞ்சுகுழி அதே ஆழத்தில்தான் இருக்கிறது.

போன வைகாசியில் அடுத்த தெருவில் ஒரு வீட்டு வேலை வந்தது. இந்த முறை கிணற்றுக் கோட்டையும் அளந்தேன், இரண்டு அளவையும் எழுதினேன், மேடு கட்டினால் ஆகும் செலவையும் சொன்னேன். வீட்டுக்காரர் குறிப்பேட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, “எல்லாரும் எப்படிப் போடுறாங்களோ அப்படியே போட்ருங்க சார்” என்றார். போட்டுக் கொடுத்தேன்.