கல்லூரி மருத்துவ அறையில் தனியாகப் பணிபுரிவோரும் அவர்களின் தொழில் வளர்ச்சியும்

கல்லூரி மருத்துவ அறையில் பணியாற்றுகிறவர், பெரும்பாலான இடங்களில், தம் துறையைச் சேர்ந்த ஒரே ஆளாக இருக்கிறார். மருத்துவமனையில் ஒரு செவிலியருக்கு ஐயம் எழுந்தால் அடுத்த வார்டில் மூத்தவர் ஒருவர் இருப்பார்; பணிமுறை மாறும் நேரத்தில் நான்கு வார்த்தை பேசிக்கொள்ளவாவது ஆள் கிடைக்கும். கல்லூரியிலோ அவரைச் சுற்றி இருப்பவர்கள் பேராசிரியர்களும் விடுதிக் காப்பாளர்களும் அலுவலகப் பணியாளர்களும்தான். அவர்கள் எவ்வளவு அன்பானவர்களாக இருந்தாலும், காலையில் மயங்கி விழுந்த மாணவி அன்று சாப்பிடாமல் வந்தவளா, அல்லது பல வாரங்களாகவே உணவைத் தவிர்த்து வருகிறவளா என்பதை அவர்களோடு விவாதிக்க முடியாது. விவாதிப்பது முறையும் ஆகாது. இத்தகைய ஓர் அறையில் பல ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றுகிறவள் என்ற முறையில், எங்கள் தொழில் வளர்ச்சி குறித்து எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. வகுப்புகளில் அமர்ந்து கேட்டுக்கொள்வதைவிட, துறையின் கூட்டு வேலையில் ஒரு பங்கை ஏற்றுச் செய்வதுதான் நம்மை அதிகம் வளர்க்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி.

கல்லூரி நலப்பணியின் பரப்பை எந்த ஒரு பாடத்திட்டமும் முழுவதுமாகக் கற்றுத்தருவதில்லை. ஒரே முற்பகலில் விளையாட்டுத் திடலிலிருந்து சுளுக்கோடு ஒருவர் வருவார். தடுப்பூசிச் சான்று கேட்டு ஒருவர் வருவார். கருத்தடை பற்றிக் கேட்க வந்து, கேட்காமலே தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு ஒருவர் திரும்புவார். அதுவரை பெற்றோர் கவனித்துவந்த சர்க்கரை நோயையோ வலிப்பு நோயையோ முதன்முறையாகத் தாமே கவனித்துக்கொள்ள வேண்டிய நிலையில் ஒருவர் நிற்பார். வாழ விருப்பமில்லை என்பதை நேரடியாகச் சொல்லாமல், தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்பவரும் வருவார். இவர்கள் அனைவரும் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் வெளியேறிவிடுவார்கள். ஆண்டுதோறும் புதிய முகங்கள் வந்துகொண்டே இருக்கும் இடத்தில் அனுபவம் என்பது பணியாளரிடம் மட்டுமே தங்குகிறது. அவர் ஓய்வு பெற்றால் அல்லது வேறு வேலைக்குச் சென்றால் அதுவும் போய்விடுகிறது. ஆகவே அந்த அனுபவம் ஒருவரின் நினைவிலிருந்து பலரின் பொதுச் சொத்தாக மாறுவதற்கு வழி இருக்க வேண்டும்.

தொடர்கல்விக்கான நேரக் கணக்கை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பல நாடுகளில் உரிமத்தைப் புதுப்பிக்க அது கட்டாயம். அமெரிக்காவில் சான்றிதழ் பெற்ற சுகாதாரக் கல்வியாளர்கள் ஐந்தாண்டுகளுக்குள் 75 மணி நேரத் தொடர்கல்வியை முடிக்க வேண்டும். மருந்துகளும் தடுப்பூசி அட்டவணைகளும் மாறிக்கொண்டே இருக்கும்போது அத்தகைய விதி தேவைதான். ஆனால் பேசும் திறன், கேட்கும் திறன் போன்றவை ஒருநாள் பயிலரங்கில் கைவந்துவிடுவதில்லை. குடிப்பழக்கம், புகைப்பழக்கம் போன்றவற்றை மாற்றிக்கொள்ளத் தயங்கும் இளைஞரிடம் அறிவுரை கூறாமல், அவர் வாயிலிருந்தே மாற்றத்துக்கான காரணங்களை வரவழைக்கும் ஊக்க நேர்காணல் முறையை வில்லியம் மில்லர் 1983-இல் முதன்முதலாக விவரித்தார். அதே மில்லரும் அவருடைய சகாக்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பயிலரங்கில் மட்டும் கலந்துகொண்டவர்களைவிட, அதன் பின் தங்கள் உரையாடல்களைப் பற்றிய பின்னூட்டமோ தனிப்பட்ட பயிற்சியோ பெற்றவர்களிடம் அத்திறன் நன்றாக நிலைத்திருந்தது தெரியவந்தது. பயிலரங்குக்குச் செல்லும் ஒவ்வொருவரும், அதிலிருந்து திரும்பிய பின் தம் பேச்சைக் கேட்டுத் திருத்த யார் இருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பின்னூட்டம் பெறுவதற்கு எனக்குத் தெரிந்த மிக எளிய வழி, பக்கத்துக் கல்லூரிகளின் நலப்பணியாளர்கள் மாதம் ஒருமுறை கூடி நடத்தும் கலந்துரையாடல் வட்டம். இதற்கு நல்லதொரு முன்மாதிரி இருக்கிறது. 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்ற மனநல மருத்துவர் பொதுமருத்துவர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டி, நோயாளியோடு அவர்களுக்கு உள்ள உறவைப் பற்றியே பேசச் செய்தார். இன்றும் அம்முறையைப் பின்பற்றும் குழுக்களில், ஒருவர் குறிப்பேட்டைப் பார்க்காமல் ஒரு நிகழ்வைச் சொல்வார்; சில தெளிவுக் கேள்விகளுக்குப் பின் அவர் தம் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு மௌனமாகிவிடுவார்; மற்றவர்கள் அந்த மாணவரின் இடத்திலும் அந்தப் பணியாளரின் இடத்திலும் தங்களை வைத்துப் பேசுவார்கள். சொன்னவர் குறுக்கிட்டு விளக்கம் தர முடியாது என்பதே அம்முறையின் உயிர்நாடி.

எங்கள் வட்டத்தில் நடந்த ஒன்றை, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். வயிற்றுவலி என்று மீண்டும் மீண்டும் வந்த ஒரு மாணவரைப் பற்றி ஒருவர் கூறினார். பரிசோதனைகளில் எதுவும் இல்லை. உணவு, தண்ணீர், உறக்கம் ஆகிய அனைத்தையும் விசாரித்தாயிற்று. அனைவரும் குடல் நோய்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, வேறொரு கல்லூரியின் மனநல ஆலோசகர், அவர் வந்த தேதிகளையும் வகுப்பு அட்டவணையையும் அருகருகே வைத்துப் பார்த்ததுண்டா என்று கேட்டார். பார்த்தபோது, வலி வந்த நாட்கள் எல்லாம் வகுப்பின் முன் எழுந்து நின்று பேச வேண்டிய நாட்களாக இருந்தன. திக்கல் இருந்த அந்த மாணவருக்குத் தேவைப்பட்டது பேச்சுப் பயிற்சியாளரும், வாய்மொழித் தேர்வில் கூடுதல் நேரமும். அந்தக் கேள்வி மருத்துவ அறையின் உள்ளே இருந்து எழுந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு; தேதியையும் அட்டவணையையும் சேர்த்துப் பார்ப்பது அந்த ஆலோசகரின் பணிப்பழக்கம். இப்போது எங்களில் பலருக்கும் அது பழக்கமாகிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. பெயரைச் சொல்லாமல் இருப்பதால் மட்டும் இரகசியம் காக்கப்பட்டுவிடாது. கல்லூரி என்பது சிறிய உலகம். எந்த ஆண்டு, எந்தத் துறை, எந்த விளையாட்டு என்ற மூன்று விவரங்களே ஒருவரைக் காட்டிக்கொடுக்கப் போதுமானவை. கலந்துரையாடலில் வேலைக்கு அவசியமில்லாத விவரம் ஒன்றைக்கூட எடுத்துச்செல்லக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி ஒப்புக்கொள்வது நல்லது.

அடுத்து, எழுதுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நலப்பணியாளர்களில் பலர், மாநாட்டில் கட்டுரை படிப்பது பேராசிரியர்களுக்கு உரியது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். கல்லூரி நலப்பணியின் வரலாறே ஒரு பதிவேட்டின் வரலாறு என்று அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 1861-இல் அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் உடல்நலத்துக்கும் உடற்கல்விக்குமான பேராசிரியராக நியமிக்கப்பட்ட எட்வர்ட் ஹிட்ச்காக், மாணவர்களின் உயரம், எடை, மார்புச் சுற்றளவு முதலியவற்றை ஆண்டுக்கு ஆண்டு அளந்து எழுதிக்கொண்டே வந்தார். 1911-இல் அவர் மறையும்போது, பல தலைமுறை மாணவர்களின் உடல்நிலை பற்றிய தொடர்ச்சியான சான்று ஒன்று உருவாகியிருந்தது. நம் மேசையிலும் ஒரு பதிவேடு இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் தலைவலிக்காக வருவோர் எத்தனை பேர், அவர்களில் முந்தைய இரவு உறங்காதவர்கள் எத்தனை பேர் என்று ஒரு பருவம் முழுவதும் தவறாமல் குறித்துவைத்தால், அதுவே மாநாட்டில் சுவரொட்டியாக வைத்து விளக்குவதற்குப் போதுமானது. முன்கூட்டி அனுப்ப வேண்டிய ஆய்வுச் சுருக்கத்துக்கு மாநாடுகள் கேட்பது பொதுவாக ஒரு பக்கத்துக்கும் குறைவுதான்: எதைக் கவனித்தோம், எப்படி எண்ணினோம், என்ன கண்டோம், அதனால் எதை மாற்றினோம். வெளியிடும் எண்ணம் இருந்தால், எண்ணத் தொடங்குவதற்கு முன்பே நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் கேட்டுவிட வேண்டும். முடித்த பின் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

ஒரு வளாகம் கற்றதை மற்றொரு வளாகம் உடனே பயன்படுத்திக்கொள்ள முடியும் என்பதற்கு 2013-ஆம் ஆண்டு நிகழ்வுகள் நல்ல சான்று. அவ்வாண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பி வகை மெனிங்கோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரியால் வரும் மூளையுறைக் காய்ச்சல் பரவியது. அதற்கான தடுப்பூசிக்கு அப்போது அமெரிக்காவில் உரிமம் இல்லை. சிறப்பு அனுமதி பெற்று, டிசம்பரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு முதல் தவணை போடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் சாந்தா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்திலும் அந்நோய் தோன்றியது. அங்கே 2014-இன் தொடக்கத்தில் தடுப்பூசி முகாம் நடந்தது. இத்தகைய முகாமை நடத்துவதற்கு ஒப்புதல் படிவம், வரிசை ஒழுங்கு, ஊசிக்குப் பின் மயங்குவோரைக் கவனிக்கும் இடம், இரண்டாம் தவணைக்கு நினைவூட்டல் என்று எத்தனையோ சிறு வேலைகள் உண்டு. அவற்றைச் செய்து பார்த்த செவிலியரின் குறிப்புகள் எந்தப் பாடநூலையும்விட மதிப்புள்ளவை.

இத்தகைய குறிப்புகள் கைமாறும் இடம் தொழில்முறைச் சங்கங்கள். அமெரிக்கக் கல்லூரி நலச் சங்கம் 1920-இல் தொடங்கப்பட்டது. மாணவர்களின் உடல்நிலை, மனநிலை, பழக்கவழக்கங்கள் ஆகியவற்றைக் கேட்டறியும் அதன் தேசியக் கணக்கெடுப்பு 2000-ஆம் ஆண்டிலிருந்து நடந்துவருகிறது. எந்தச் சங்கமானாலும், சந்தா கட்டி இதழைப் பெறுவதோடு உறுப்பினர் நின்றுவிட்டால் அவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. புதியவர் ஒருவர் தொடங்குவதற்கு ஏற்ற இடம், மாநாட்டுக்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களை மதிப்பிடும் குழு என்பது என் கருத்து. இருபது சுருக்கங்களைப் படித்து மதிப்பெண் இடுகிறவருக்கு, நல்ல பணி எது, வெற்றுச் சொல் எது என்பது தானாகப் பிடிபடும். அதன் பின் வழிகாட்டு நெறிகளை எழுதும் துணைக்குழு, புதிய பணியாளர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு என்று படிப்படியாகச் செல்லலாம். தலைவர் பதவிக்கான தேர்தல்களில் எனக்கு ஆர்வம் இல்லை; அதில் ஆர்வமுள்ளவர்களைத் தடுப்பதும் இல்லை.

தம் வளாகத்துக்குள்ளேயே ஏற்கக்கூடிய பங்குகளும் பல. 2015-இல் கனடாவின் கெலோனா நகரில் கூடிய மாநாட்டில் உருவான ஒகனகன் சாசனம், நலத்தை மருத்துவ அறைக்குள் அடைத்துவைக்காமல், கல்லூரியின் நிர்வாகம், பாடத்திட்டம், கட்டடம் ஆகிய எல்லாவற்றிலும் இணைக்க வேண்டும் என்று உயர்கல்வி நிறுவனங்களை அழைக்கிறது. நடைமுறையில் இதன் பொருள், தேர்வு அட்டவணையை வகுக்கும் கூட்டத்திலும் விடுதி விதிகளைத் திருத்தும் கூட்டத்திலும் நலப்பணியாளருக்கு ஓர் இருக்கை வேண்டும் என்பதாகும். அடுத்தடுத்து மூன்று நாட்கள் காலையும் மாலையும் தேர்வு வைத்தால் நம் அறையில் என்ன நடக்கிறது என்பதை அங்கே வேறு யாரும் சொல்லப் போவதில்லை. மற்றொரு வழி, பயிற்றுநர் ஆவது. 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் செவிலியர் பெட்டி கிச்சனரும் ஆய்வாளர் ஆன்டனி ஜார்மும் உருவாக்கிய மனநல முதலுதவிப் பயிற்சி இன்று பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது. விடுதிக் காப்பாளருக்கும் நூலகருக்கும் அதைக் கற்பிக்கத் தொடங்கினால், கற்பிக்கிறவரின் அறிவும் கூர்மையாகிறது. மாணவர் துயரத்தை முதலில் காணும் கண்களும் பெருகுகின்றன.

தொழில் வளர்ச்சி என்றதும் மருத்துவரையும் செவிலியரையும் ஆலோசகரையும் மட்டுமே நினைப்பது எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. வரவேற்பு மேசையில் அமர்ந்திருப்பவரே மாணவரின் முதல் முகபாவத்தைப் பார்க்கிறார். பெயர் எழுதிவிட்டு, வரிசை நீளமாக இருப்பதைப் பார்த்துப் பின்வாங்கும் மாணவரைக் கவனித்து, "கொஞ்சம் உட்காருங்கள், உள்ளே சொல்லிவிட்டு வருகிறேன்" என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் சில வேளைகளில் உயிர் காக்கும். ஆயினும் பயிற்சிக்கான நிதி பங்கிடப்படும்போது அவர் பெயர் பட்டியலிலேயே இருப்பதில்லை. தற்கொலை எண்ணத்தின் அறிகுறிகள், இரகசியம் காத்தல், கோபத்தோடு வருபவரைத் தணித்தல் ஆகிய மூன்றிலாவது அவருக்கு முறையான பயிற்சி தரப்பட வேண்டும் என்று நான் எல்லாக் கூட்டங்களிலும் கேட்டுவருகிறேன், இங்கும் கேட்கிறேன்.

இவை அனைத்துக்கும் தடையாக நிற்பது நேரம். அறையில் ஒரே ஆள் இருக்கும்போது அவர் மாநாட்டுக்குச் சென்றால் கதவைப் பூட்ட வேண்டியிருக்கிறது. விடுப்பு எடுத்துக்கொண்டு, சொந்தப் பணத்தில் சென்றுவருகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அதை வழக்கமாக்கிவிடக் கூடாது, ஏனெனில் பயன் பெறுவது நிறுவனமும்தான். நிர்வாகத்திடம் கேட்கும்போது கடிதத்தில் மூன்று செய்திகள் தெளிவாக இருக்கட்டும்: நாம் இல்லாத நாளில் அறையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார், திரும்பிவந்து எந்த நடைமுறையைச் சீர்செய்யப் போகிறோம், அதை எந்தக் கூட்டத்தில் அறிக்கையாகச் சொல்லப் போகிறோம். அருகிலுள்ள இரு கல்லூரிகளின் செவிலியர்கள் ஒருவருக்கொருவர் மாற்றாக நிற்க இரு நிர்வாகங்களும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் முதல் கேள்விக்கு நிலையான விடை கிடைத்துவிடும். அந்தக் கடிதத்தைத் தேர்வுக் காலத்தில் கொடுக்காமல், அடுத்த கல்வியாண்டின் நாட்காட்டி அச்சுக்குப் போவதற்கு முன்பே கொடுத்தால், மாதாந்தரக் கலந்துரையாடல் நாட்களையும் மாநாட்டு நாட்களையும் அதிலேயே சேர்த்துவிட முடியும்.