பழைய டிவிக்குள் எது காசு

என்னிடம் பழைய சாமான் கொண்டுவருபவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "இதுல தங்கம் இருக்காமே?" என்றுதான். யாரோ மதர்போர்டைத் திராவகத்தில் ஊறவைத்து, கடைசியில் மஞ்சளாக ஒரு மணியை உருட்டிக் காட்டும் வீடியோவைப் பார்த்திருப்பார்கள். இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் என் வீட்டில் அடுப்பு எரிவது செம்பால்தான். தங்கத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நான் திண்டுக்கல் பக்கம். தொண்ணூறுகளில் டிவி மெக்கானிக்காகத் தொழிலுக்கு வந்தவன். சாலிடேர், டயனோரா, ஒனிடா, பிபிஎல் என்று எத்தனையோ பெட்டிகளின் முதுகைத் திறந்தாயிற்று. எல்இடி டிவி வந்த பிறகு ரிப்பேர் வேலை சுருங்கிவிட்டது. பேனல் போனால் அதை மாற்றும் செலவு புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், யார் மாற்றுவார்கள்? அதனால் பிரிக்கிற வேலைக்கு வந்துவிட்டேன். கடை அதே கடை. 'டிவி சர்வீஸ்' என்கிற போர்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

சரக்குக்குப் பஞ்சமில்லை. 2006-இல் தொடங்கி 2011 வரை அரசாங்கம் வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல வண்ண டிவிகள் மட்டுமே ஒரு கோடிக்கும் மேல். 2011-க்கு அப்புறம் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மாணவர்களுக்கு லேப்டாப். எல்லாம் ஆண்டு அனுபவித்து முடித்து, இப்போது பரணிலிருந்தும் மாட்டுக் கொட்டகையிலிருந்தும் வரிசையாக இறங்கி வருகின்றன. தமிழ்நாட்டுப் பழைய இரும்புக் கடைகளில் எந்த வருஷம் எந்தச் சரக்கு வரும் என்பதைப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய தேர்தல் அறிக்கையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

படக்குழாய் டிவியைத் திறந்ததும் ஆசையாகக் கம்பியைத் தேடக் கூடாது. குழாயின் முதுகில் ரப்பர் தொப்பி போட்டு ஒரு தடித்த ஒயர் போகும். வண்ண டிவியில் அந்த இடத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கி நாள் கணக்கானாலும் குழாய் அந்த மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், ஏனென்றால் கண்ணாடியின் உள்ளேயும் வெளியேயும் பூச்சு பூசியிருப்பதால் அதுவே ஒரு பெரிய கெப்பாசிட்டர். நீளமான ஸ்க்ரூடிரைவரில் ஒயர் கட்டி, ஒயரின் மறுமுனையைக் குழாயைச் சுற்றி ஓடும் எர்த் பின்னலில் மாட்டி, முனையைத் தொப்பிக்கு அடியில் செருக வேண்டும். சில சமயம் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். வராவிட்டாலும் இன்னொரு தடவை செருகிப் பார்ப்பது என் வழக்கம்.

அடுத்து யோக். குழாயின் கழுத்தில் மாட்டியிருக்கும் சுருள் அது. மின்கதிரை இடமும் வலமும், மேலும் கீழும் இழுத்துப் படம் வரைவது அதன் வேலை. டிவிக்குள்ளே நல்ல செம்பு இருக்கும் இடம் அதுதான். சுருளைச் சுற்றியிருக்கும் கறுத்த ஃபெரைட் வளையத்தை, அது பீங்கான் மாதிரி நொறுங்குகிற காந்தப் பொருள், சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் விண்டுவிடும், சுருள் தனியே வந்துவிடும். குழாயின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு டேப் போட்ட இன்னொரு பெரிய வளையமும் இருக்கும், டீகாஸ் காயில். திரையில் ஏறும் காந்தத்தைப் போக்குகிற சுருள் அது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்ததும்தான் துள்ளுவார்கள். அதை நம்ப முடியாது. பழைய டிவிகளில் செம்பாக இருக்கும், பின்னால் வந்த பலவற்றில் அலுமினியம்.

செம்பா அலுமினியமா என்பதில்தான் இந்தத் தொழிலே நிற்கிறது. ஒரு கிலோ செம்புக்குக் கிடைக்கும் காசுக்கு மூன்று நான்கு கிலோ அலுமினியம் போட வேண்டும். இரண்டின் மேலும் ஒரே செந்நிற எனாமல் பூசியிருந்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். கையில் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே அளவுச் சுருளில் செம்பு மூன்று மடங்குக்கு மேல் கனக்கும். ஆனால் இரும்புத் தகட்டோடு சேர்ந்திருக்கும் சுருளில் எடையை வைத்து எப்படிச் சொல்வது? அங்கே மெக்கானிக் புத்தி உதவும். கம்பி நுனியில் எனாமலைச் சுரண்டி, சால்டரிங் அயர்னை வைத்தால் செம்பில் ஈயம் பளிச்சென்று பிடிக்கும். அலுமினியத்தில் உருண்டு விழுந்துவிடும். இதையும் ஏமாற்ற ஒரு கம்பி வந்துவிட்டது: மேலே மெல்லிசாகச் செம்புத் தோல், உள்ளே அலுமினியம். மட்டமான ஸ்பீக்கர் ஒயர், நெட்வொர்க் ஒயர், சில காயில்கள் எல்லாம் இதுதான். இதிலும் ஈயம் பிடிக்கும். நறுக்கிய முனையை அரத்தில் ஒரு இழு இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். நாலைந்து தடவை மடக்கினாலே முறிந்துவிடும்.

இரும்புக் கடை பாய்க்கு இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். கம்பியை விரலிடுக்கில் ஒரு உருட்டு உருட்டுவார். "இது நம்ம சரக்கில்ல" என்று தூக்கி அலுமினியக் கூடையில் போட்டுவிடுவார். அவரிடம் நான் இதுவரை வாதாடி ஜெயித்ததில்லை.

என்னைக் கேட்டால் டிவியைவிட ஸ்டெபிலைசர்தான் லாபம். நம் ஊரில் வோல்டேஜ் இருந்த லட்சணத்துக்கு டிவிக்கு ஒன்று, பிரிட்ஜுக்கு ஒன்று என்று எல்லா வீட்டிலும் இருந்தது. பழைய ஸ்டெபிலைசரைத் தூக்கும்போதே தோள்பட்டை சொல்லிவிடும். உள்ளே ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், தடித்த கம்பி, சிலிக்கான் கலந்த இரும்புத் தகடுகள். தகடுகளை ஒவ்வொன்றாக உருவியெடுக்கப் பொறுமை வேண்டும், வார்னிஷ் போட்டு ஒட்டியிருப்பார்கள். முதல் இரண்டு மூன்றைப் பெயர்த்துவிட்டால் மற்றவை தளர்ந்துவிடும். தகடு இரும்பு விலைக்கு, கம்பி செம்பு விலைக்கு. அப்படியே முழு டிரான்ஸ்ஃபார்மராகப் போட்டால் இரும்பைவிடக் கொஞ்சம் கூடக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேர வேலைதான் என் கூலி.

ஸ்டெபிலைசரில் சின்னச் சின்ன ரிலேக்களும் உண்டு, மின்சாரத்தால் தானே தட்டிக்கொள்ளும் சுவிட்சுகள். சுவிட்ச் தட்டுகிற இடத்தில் பொட்டு மாதிரி இருக்குமே, அது வெள்ளிக் கலவை. அதைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டே வருகிறேன். பாட்டில் நிறைவதற்குள் எனக்கு வயதாகிவிடும்போல. ஆனால் அதை உருக்கிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வேண்டாம். பழைய ரிலேக்களில் வெள்ளியோடு காட்மியம் ஆக்சைடு கலந்திருப்பார்கள், அதன் புகை நுரையீரலைத் தின்றுவிடும்.

புகை என்றதும் ஒயர் எரிப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் எல்லையில் சாயங்காலம் ஆனால் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வரும். ஒயரைக் குவித்துத் தீ வைத்துவிட்டுச் சாம்பலில் கம்பி பொறுக்குகிறார்கள். ஒயரின் மேல் தோல் பிவிசி. அதில் குளோரின் இருக்கிறது. அரைகுறையாக எரிந்தால் டையாக்சின் என்கிற கொடிய நஞ்சு வரும். இதையெல்லாம் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்பதால் நான் காசுக் கணக்கில் சொல்வேன்: எரித்த கம்பி கறுத்துப் போகும், கறுத்த கம்பியைக் கடைக்காரர் ஒரு படி கீழே வைத்துத்தான் எடுப்பார். பளபளவென்று உரித்த கம்பிக்கு உலகச் சந்தையிலேயே தனித் தரம் உண்டு. அமெரிக்க ஸ்கிராப் வியாபாரிகள் சங்கம் போட்ட பட்டியலில் அதற்குப் பெயர் பார்லி. அதற்கு அடுத்தது பெர்ரி. பூச்சும் ஈயமும் ஒட்டிய இரண்டாம் தரக் கம்பி பிர்ச். மஞ்சள் பித்தளைக்குத் தேன் என்று பெயர். மளிகைக் கடை லிஸ்ட் போல இருந்தாலும் கப்பல் கப்பலாகச் சரக்கு கைமாறுவது இந்தப் பெயர்களில்தான். தடித்த ஒயரைப் பிளேடு வைத்துக் கையால் உரித்துவிடலாம். மெல்லிய ஒயரை உரித்தால் கட்டுப்படியாகாது, தோலோடே போட்டுவிட வேண்டும்.

என் அக்கா மகன் லீவு நாளில் ஒத்தாசைக்கு வருவான். இன்ஜினியரிங் படிக்கிறான். கம்ப்யூட்டர் வந்தால் அவன்தான் பிரிப்பான். ஹார்ட் டிஸ்க்கின் காந்தங்களை அவனுக்கே கொடுத்துவிடுவேன். நியோடிமியம் காந்தம், இரண்டுக்கு நடுவே விரல் மாட்டினால் ரத்தம் கட்டிவிடும். உடல் அலுமினிய வார்ப்பு, அதற்கு நல்ல விலை. உள்ளே சுழலும் தட்டு பெரிய டிஸ்க்குகளில் பெரும்பாலும் அலுமினியம், லேப்டாப் டிஸ்க்கில் பல சமயம் கண்ணாடி. வளைத்துப் பார்க்கப் போனால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

அவனும் ஒருநாள் கம்ப்யூட்டரின் நினைவக அட்டையான ரேமின் மஞ்சள் பல்வரிசையைத் தடவிக்கொண்டே, "மாமா, இதை மட்டும் சேத்து வெச்சா ஒரு மோதிரம் பண்ண முடியாதா?" என்றான்.

"நீதானே படிக்கிறே, கணக்குப் போடு" என்றேன்.

போட்டான். அந்தப் பூச்சு ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அரை மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராம் தங்கம். ஒரு ரேமில் இரண்டு பக்கமும் சேர்த்து நாலைந்து மில்லிகிராம் தேறும். ஒரு பவுன் 8 கிராம். ஆக, ஆயிரத்தைந்நூறு ரேமுக்கு மேல் வேண்டும். எங்கள் கடைக்கு அவ்வளவு ரேம் வர அவன் பேரன் காலம் ஆகும். பழைய பீங்கான் பிராசசர்களில் கொஞ்சம் அதிகம் உண்டு. 1995-இல் வந்த பென்டியம் புரோவைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். அதெல்லாம் சர்வர் சாமான், இந்தப் பக்கம் வராது.

கோலார் தங்கவயலில் கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம்தான் தேறியது. கட்டுப்படியாகாமல் 2001-இல் மூடினார்கள். நம் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போய்த் தலைமுறை தலைமுறையாக அந்தக் குழிக்குள் இறங்கியவர்கள் எத்தனை குடும்பங்கள்! ஒரு டன் பழைய மொபைலில் ஏறத்தாழ 300 கிராம் தங்கம் இருக்கும் என்கிறார்கள். கேட்கப் பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு டன் என்றால் போனுக்கு 100 கிராம் வைத்தாலும் பத்தாயிரம் போன். ஜப்பான்காரர்கள் டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக 2017 முதல் 2019 வரை நாடு முழுக்கச் சேகரித்தார்கள். 62 லட்சம் மொபைல்கள், அவற்றோடு 78,985 டன் மற்றப் பழைய சாமான்கள். கிடைத்த தங்கம் 32 கிலோ. ஒரு தேசமே ரெண்டு வருஷம் சேர்த்து எடுத்தது அவ்வளவு என்றால், என் ஒற்றைக் கடை எம்மாத்திரம்.

பெரிய உருக்காலையில் அது லாபம்தான். புகையைப் பிடித்து வடிகட்டுவார்கள், தங்கத்தோடு வெள்ளி, பல்லேடியம், செம்பு எல்லாவற்றையும் பிரித்தெடுப்பார்கள். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் வாளியில் நைட்ரிக் அமிலம் ஊற்றுபவருக்கு அதில் பாதிகூடத் தேறாது. எழும் பழுப்புப் புகை அந்த நேரத்தில் லேசாக இருமவைத்துவிட்டுப் போய்விடும். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மிச்ச அமிலம் போவது பக்கத்துச் சாக்கடைக்கு. வீடியோவில் இந்தப் பகுதியைக் காட்டுவதில்லை.

அதனால் போர்டுகளில் தங்கம் எடுக்க நான் போவதில்லை. ஹீட் சிங்க் எனும் சூடு தணிக்கும் அலுமினியத் துண்டு, டிரான்ஸ்ஃபார்மர் போன்றவற்றைக் கழற்றிக்கொண்டு, பச்சை போர்டு தனி, பழுப்பு போர்டு தனி என்று மூட்டை கட்டி, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குச் சேர்க்கிற ஆளிடம் எடைக்குக் கொடுத்துவிடுவேன். டிவி போர்டு பழுப்புதான், அதற்கு மட்டமான விலை. கம்ப்யூட்டரின் பச்சை போர்டு பல மடங்கு போகும். இரண்டையும் கலந்து கட்டினால் எல்லாமே பழுப்பு விலைக்குப் போய்விடும்.

இத்தனையும் போக மிஞ்சுவது கண்ணாடி. படக்குழாயின் கூம்புப் பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு. எக்ஸ்ரே வெளியே வராமல் தடுக்கச் சேர்த்தது. புதுப் படக்குழாய் செய்யும் ஆலைகள் இருந்தவரை பழைய கண்ணாடியை உருக்கி அதிலேயே போட்டார்கள். இப்போது அந்த ஆலைகளே இல்லை, கண்ணாடியை வாங்க ஆளில்லை. எடையில் பெரும்பங்கு அதுதான், விலையோ பூஜ்யம், சுமக்கிற கூலி மட்டும் உண்டு. அதனால்தான் கண்மாய்க் கரையிலும் சுடுகாட்டு ஓரத்திலும் உடைந்த குழாய்களைப் பார்க்கிறீர்கள். கழுத்தை உடைத்து யோக்கை உருவிக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிட்டுப் போனவன் வேலை அது.

சட்டம் இருக்கிறது. மின்னணுக் கழிவுக்கான முதல் விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன, 2016-இல் மாற்றினார்கள், இப்போதிருப்பவை 2023 ஏப்ரல் முதல். விற்ற கம்பெனியே திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்ய ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். செம்புக்கு அந்தச் சட்டம் தேவையே இல்லை, அது தானாகவே ஆளைத் தேடிப் போய்ச் சேர்ந்துவிடும். கண்ணாடிக்குத்தான் தேவை.

நான் கண்ணாடியை முழுக் குழாயாக, உடைக்காமல், போர்டு மூட்டையோடு ஏற்றிவிடுகிறேன். அந்த ஆள் முகம் சுளிப்பார். பச்சை போர்டு விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் எடுத்துக்கொள்வார். உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிவி இருந்தால், எடுக்க வருகிறவரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால் குழாயை என்ன செய்வார் என்று கேளுங்கள். "அதை மட்டும் நீங்களே வெச்சுக்கங்க" என்பவரிடம் கொடுக்காதீர்கள்.