நெட் வரவில்லை: சர்வீஸ் நாட்குறிப்பு

அக்டோபர் 11, 2025, சனி

நெட் வராத கம்ப்யூட்டரில் எடுத்த எடுப்பிலேயே செட்டிங்கை மாற்றக்கூடாது. எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிவதற்கு முன் ரீசெட் செய்தால் இருந்த தடயமும் அழிந்துபோகும். முதலில் பார்க்க வேண்டியது, அதே வைஃபையில் போனில் நெட் வருகிறதா என்பதை. மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வைஃபையில் நெட் இல்லாதபோதும் போன் சிம்முக்குத் தாவிக்கொண்டு எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும். போனிலும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம், ரவுட்டரையோ வெளி லைனையோ பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை என்றால் விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, கட்டளை தட்டும் கறுப்புத் திரையான சிஎம்டியைத் திறந்து, முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். ஐபிவி4 முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் கம்ப்யூட்டர் கேட்டும் பதில் வரவில்லை, விண்டோஸ் தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று பொருள். 'மீடியா டிஸ்கனெக்டட்' என்று வந்தால் கேபிளோ வைஃபையோ சேரவே இல்லை.

அடுத்தது பிங், அதாவது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. முதலில் டீஃபால்ட் கேட்வே, அதாவது ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1), பிறகு வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கு, கடைசியில் கூகுள் டாட் காமுக்கு. முதல் பிங்கே வரவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள். முதலாவது வந்து இரண்டாவது நின்றால், போனில் நெட் ஓடும் வீட்டில், ரவுட்டரில் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் தடை போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்காக வைக்கும் பேரன்டல் கன்ட்ரோலிலும், குறிப்பிட்ட கருவியைத் தடுக்கும் மேக் ஃபில்டரிலும் இது நடக்கும். எண் வந்து பெயர் வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது சைட்டின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவையில். மூன்றும் வந்தும் பிரவுசர் திறக்கவில்லை என்றால் ப்ராக்ஸி (பிரவுசருக்கும் நெட்டுக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகர்), தேதி, ஆன்டிவைரஸ் ஆகியவற்றில் ஒன்று. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும், அதற்குள் தேட வேண்டிய இடம் கால்வாசியாகச் சுருங்கிவிடும்.

அக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு இன்றோடு முடிகிறது. இதனால் நெட் நின்றுவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் புதிய பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது. 11-க்கு மாற முடியாத மெஷினை ஓராண்டு நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்துவிடுவது நல்லது.

இன்றைய வேலை 169.254 காட்டிய டெஸ்க்டாப். லேன் போர்ட்டில் லைட் எரிகிறது, முகவரி மட்டும் வரவில்லை. வேறு கேபிள் போட்டதும் வந்துவிட்டது, ஆகவே குற்றம் பழைய கேபிளின் கிரிம்பிங்கில், அதாவது முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தியதில். எட்டு ஒயரையும் ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் அடித்திருந்தார்கள். இரண்டு முனையிலும் அதே வரிசை என்பதால் கேபிள் டெஸ்டரில் எட்டு லைட்டும் ஒழுங்காக எரியும். பார்ப்பவர் கேபிள் நன்றாக இருக்கிறது என்றே நினைப்பார். ஆனால் 3, 6 ஆகிய பின்கள் ஒரே முறுக்கு ஜோடியாக இருந்தாக வேண்டும். அவை வெவ்வேறு ஜோடியில் போனால் முறுக்கினால் கிடைக்கும் பாதுகாப்பு போய், பக்கத்து ஒயரின் சிக்னல் கலந்து பாக்கெட் (டேட்டாத் துண்டு) சிதையும். ஒரு மீட்டர் கேபிளில் தெரியாது, மாடிக்கு ஏறும் 20 மீட்டரில் தெரியும்.

சரியான வரிசை இது: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. கிளிப் கீழே, ஒயர் நுழையும் வாய் நம் பக்கம் இருக்கும்படி பிடித்து இடமிருந்து வலமாக. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக்கூடாது. வெளி உறை கனெக்டருக்குள் நுழைந்து, அதன் மேல் பிடி அழுந்த வேண்டும். உறை வெளியே நின்றால் இழுவை முழுவதும் ஒயரில் விழுந்து சில மாதத்தில் விட்டுப்போகும்.

இன்னொன்று. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நெட் வருகிறது ஆனால் 100-ஐத் தாண்டவில்லை என்று யாராவது சொன்னால் நீலத்திலோ பழுப்பிலோ ஒன்று அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவுக் கேபிளில் இது அடிக்கடி வரும். வளைத்த இடத்தில் உள்ளேயே முறிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. முழுச் செம்பு கேபிள் வாங்குங்கள்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்யும் வாரம். பீரோவை நகர்த்தி மறுபடி சுவரோடு ஒட்டித் தள்ளும்போது மோடத்துக்குப் போகும் மெல்லிய ஃபைபர் பேட்ச் கார்டு நசுங்கும். எல்ஓஎஸ் என்ற லைட் சிவப்பாகச் சிமிட்டினால் வெளிச்சம் மோடத்துக்கு வரவில்லை என்று பொருள். கம்ப்யூட்டரில் என்ன செய்தாலும் பயனில்லை.

சிவப்பு எரியாமலே நெட் விட்டு விட்டு வந்தால் மோடத்தின் அட்மின் பக்கத்தில் ஆப்டிகல் ஆர்எக்ஸ் பவர் (மோடத்துக்கு வந்து சேரும் வெளிச்சம்) எவ்வளவு என்று பாருங்கள். வீட்டு இணைப்புகளில் பரவலாக உள்ள ஜிபான் பி ப்ளஸ் என்ற ஃபைபர் வகையில் -27 டிபிஎம் கடைசி எல்லை (டிபிஎம் என்பது வெளிச்சத்தின் அளவு, மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் பெரிதானால் வெளிச்சம் குறைவு). -20 பக்கம் இருந்தால் நிம்மதி. -26 என்றால் இன்று ஓடும், நாளை ஒரு வளைவில் நின்றுவிடும். 3 டிபி குறைந்தாலே வெளிச்சம் பாதி போய்விட்டது. வளைவைச் சுண்டுவிரல் அகலத்துக்கு விடாமல் உள்ளங்கை அகலத்துக்கு விட்டால் பெரும்பாலும் எண் ஏறும்.

கனெக்டர் பச்சை நிறம் என்றால் அதன் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீல நிறக் கனெக்டரோடு சேர்த்தால் இடைவெளி விழுந்து வெளிச்சம் வீணாகும். கழற்றினால் முனையைத் தொடவோ வாயால் ஊதவோ கூடாது. 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சிழை விடாத துணியும் வேண்டும். முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குள் போகும்.

அக்டோபர் 23, வியாழன்

இடி மின்னலுக்குப் பிறகு வரும் கேஸ்கள் ஒரே மாதிரிதான்: மெஷின் ஆன் ஆகிறது, லேன் லைட் மட்டும் எரியவில்லை. அதே கேபிளை லேப்டாப்பில் செருகி லைட் வந்தால் கம்ப்யூட்டரின் போர்ட் போய்விட்டது. மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. யூஎஸ்பி லேன் அடாப்டர் அல்லது பிசிஐ எக்ஸ்பிரஸ் நெட்வொர்க் கார்டு போதும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்கில்) பழைய லேன் சிப்பை டிசேபிள் செய்துவிடுங்கள். மழைக்காலத்தில் கரன்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, லேன் கேபிளையும் கழற்ற வேண்டும். வெளியிலிருந்து வரும் ஃபைபர் கேபிளில் தாங்குவதற்காகக் கம்பி இருக்கும். அந்தக் கம்பி மோடத்தைத் தொடாதபடி வெளியிலேயே வெட்டி நிறுத்தியிருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்.

அக்டோபர் 27, திங்கள்

பிங் எல்லாம் வருகிறது, ஆனால் எந்த சைட்டைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்கிறது. வலது மூலையில் தேதியைப் பார்த்தால் பல வருடம் பின்னால் நிற்கிறது. சைட்டின் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கம்ப்யூட்டரின் தேதி அந்த இடைவெளிக்கு வெளியே இருந்தால் பிரவுசர் உள்ளே விடாது.

காரணம் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல். புதியது 3 வோல்ட் காட்டும், 2.7-க்குக் கீழே இறங்கியதை மாற்றிவிட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகே மாற்றுங்கள், ப்ளஸ் பக்கம் மேலே.

நெட் இருந்தும் நேரம் ஏன் தானாகச் சரியாகவில்லை என்று பலர் கேட்கிறார்கள். வீட்டு மெஷினில் விண்டோஸ் டைம் சேவை 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருத்த மறுத்துவிடும். தேதியை முதலில் கையால் போட்டு, நேர மண்டலம் ப்ளஸ் 5:30 என்று வைத்து, பிறகு 'சிங்க் நவ்' அழுத்த வேண்டும்.

நவம்பர் 1, சனி

8.8.8.8 வருகிறது, பெயர் மட்டும் வரவில்லை. என்எஸ்லுக்அப் கொடுத்தால் எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது என்று முதல் வரியிலேயே காட்டும். யாரோ எப்போதோ கையால் போட்ட எண் அங்கே உட்கார்ந்திருக்கும். தானாக எடுக்கும்படி மாற்றுங்கள், அல்லது 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் போட்டு பழைய பதில்களை அழிக்கும் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் கொடுங்கள்.

பெயரும் வந்து பிரவுசர் மட்டும் திறக்காவிட்டால் செட்டிங்கில் ப்ராக்ஸி பக்கம். நீக்கிய விபிஎன்னோ தேவையற்ற மென்பொருளோ 127.0.0.1 என்று, அதாவது இதே கம்ப்யூட்டரைக் குறிக்கும் எண்ணில், ஒரு ப்ராக்ஸியை விட்டுப் போயிருக்கும். கேட்க ஆளில்லாத அந்தக் கதவையே பிரவுசர் தட்டிக்கொண்டிருக்கும். ஆஃப் செய்தால் போதும்.

விண்டோஸின் நெட்வொர்க் அமைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் நெட்ஷ் வின்சாக் ரீசெட், நெட்ஷ் இன்ட் ஐபி ரீசெட் ஆகிய இரண்டு கட்டளைகளும் கடைசி ஆயுதங்கள். இரண்டாவது, கையால் போட்ட ஐபி எண்களை அழித்துவிடும், எனவே முதலில் ஐபிகான்ஃபிக் /ஆல் கொடுத்துத் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிங்கில் உள்ள 'நெட்வொர்க் ரீசெட்' இன்னும் ஒரு படி மேலே போய் சேமித்த வைஃபை பாஸ்வேர்டையும் நீக்கிவிடும். பாஸ்வேர்ட் தெரியாத வீட்டில் அதைத் தொடாதீர்கள்.

நவம்பர் 5, புதன்

வைஃபை பெயரே லிஸ்டில் தெரியாத பழைய லேப்டாப். அதன் கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், ரவுட்டரிலோ 5 மட்டும் ஆனில் இருந்தது. பெயர் தெரிந்தும் சேர மறுத்தால் ரவுட்டரில் வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3-ஐ விட்டுப் பழைய டபிள்யூபிஏ2-க்கு இறக்கிப் பாருங்கள்.

சில சைட் திறந்து சில சைட் பாதியில் தொங்கினால் பாக்கெட் அளவைச் சந்தேகிக்க வேண்டும். யூசர்நேம் பாஸ்வேர்ட் போட்டு ரவுட்டர் டயல் செய்யும் பிபிபிஓஇ இணைப்பில் 1500 பைட்டில் 8 பைட் அதற்கே போய்விடும், மீதி 1492. அதில் தலைப்புக்கு 28 கழித்தால் 1464. பிங் -எஃப் -எல் 1464 1.1.1.1 என்று, எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் கொடுங்கள். பதில் வந்தால் அளவு சரி. வரவில்லை என்றால் பத்துப் பத்தாகக் குறைத்து, முதலில் பதில் வரும் எண்ணோடு 28 சேர்த்து, அதை ரவுட்டரின் வேன் (வெளி இணைப்பு) பக்கத்தில் எம்டியூ (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) இடத்தில் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.