கார்டு பில்லில் எந்தத் தொகையைக் கட்டுவது?

கிரெடிட் கார்டு பில்லில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று மொத்த நிலுவை, இன்னொன்று மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய தொகை. இரண்டாவதைக் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, தவணை தவறியவர் என்ற பதிவும் ஏறாது. அதன் பலன் அத்தோடு முடிந்தது. வட்டி அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

நிலுவை 1,00,000, வட்டி மாதம் 3 விழுக்காடு, மினிமம் டியூ நிலுவையில் 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டி சேர்ந்து 1,03,000 ஆகிறது. அதில் 5,150 கட்டினால் மிச்சம் 97,850. அதற்குப் பிறகு கார்டைத் தொடவே இல்லை, மாதாமாதம் மினிமம் டியூ மட்டும் ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்றாலும், ஒரு வருடத்தில் கட்டியிருப்பது சுமார் 55,000. பாக்கி சுமார் 77,000. கட்டியதில் 32,000 வட்டிக்கே போய்விட்டது. கடன் பாதியாகக் குறையவே 32 மாதம் ஆகும்.

இதில் வட்டி விகிதம் மட்டும் குற்றவாளி இல்லை. நிலுவை குறையக் குறைய மினிமம் டியூவும் குறைகிறது. நீங்கள் கட்டுவதும் சுருங்கிக்கொண்டே போகிறது. பில்லில் என்ன போட்டிருந்தாலும் கண்டுகொள்ளாமல், முதல் மாதம் கட்டிய அதே 5,150ஐ மாதாமாதம் கட்டிப் பாருங்கள். வட்டி அதேதான், கார்டும் அதேதான், ஆனால் 30 மாதத்தில் கடன் முழுசாகத் தீர்ந்துவிடும். ஆகவே முழுத் தொகையைக் கட்ட முடியாத நிலையில் இருப்பவர் செய்ய வேண்டியது இரண்டு: அந்தக் கார்டில் புதிதாக எதையும் வாங்காமல் நிறுத்துவது, இன்று கட்ட முடிந்த தொகையைக் கடன் தீரும்வரை குறைக்காமல் வைத்திருப்பது.

அடுத்தது, வட்டியில்லாக் காலம். பில் போடும் தேதி 5, கட்டக் கடைசி நாள் 25 என்றால், 6ஆம் தேதி வாங்கிய பொருள் அடுத்த மாதம் 5ஆம் தேதி பில்லில்தான் வரும். கட்ட ஏறக்குறைய 50 நாள் கிடைக்கிறது. அதையே 4ஆம் தேதி வாங்கினால் 21 நாள்தான். பெரிய செலவை பில் தேதிக்கு மறுநாள் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

ஆனால் இந்தச் சலுகை, முந்தைய பில்லை முழுசாகக் கட்டியவருக்கு மட்டும். பலர் சறுக்கும் இடம் இது. 10ஆம் தேதி 40,000க்கு ஒரு பொருள் வாங்குகிறீர்கள். அடுத்த மாதம் 25ஆம் தேதி 39,000 கட்டிவிட்டு, மிச்சம் ஆயிரம்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறீர்கள். பல வங்கிகளின் கணக்கில் வட்டி அந்த 1,000க்கு மட்டும் இல்லை; வாங்கிய நாளிலிருந்து கட்டிய நாள்வரை முழு 40,000க்கும் விழும். 45 நாளுக்கு, 3 விழுக்காட்டில், அது 1,800. விட்ட பாக்கியைவிட வட்டி பெரியது! அது போதாதென்று, அந்த மாதம் புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி. அடுத்த பில்லை முழுசாகக் கட்டிய பிறகும் அதற்கடுத்த பில்லில் சின்னதாக ஒரு வட்டி எட்டிப் பார்த்தால் குழம்ப வேண்டாம்: பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. அதையும் கட்டி பாக்கியைச் சுழியமாக்கினால்தான் வட்டியில்லாக் காலம் திரும்பும்.

கார்டில் ரொக்கம் எடுப்பதற்கு இந்தக் காலம் கிடையவே கிடையாது. எடுத்த நாள் முதல் வட்டி, தனியாகக் கட்டணம் வேறு.

ஆட்டோ டெபிட் (பில் தொகையை வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு) வைத்திருப்பவர்கள் ஒருமுறை அந்த அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். 'மொத்த நிலுவை' என்பதற்குப் பதில் 'மினிமம் டியூ' தேர்வாகியிருந்தால், எல்லாம் சரியாகப் போகிறது என்ற நினைப்பிலேயே வட்டி ஏறிக்கொண்டிருக்கும். பணம் எடுக்கும் நாளில் கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் கார்டு பக்கமும் வங்கிப் பக்கமும் அபராதம் விழலாம். பில் தேதியை மாற்றிக்கொள்ள அனுமதி இருந்தால், கட்டும் நாள் சம்பளத்துக்கு நான்கைந்து நாள் கழித்து வருமாறு அமையுங்கள்.

தவணைக் கடனில் ஏமாற்றும் எண் வேறு. '12 விழுக்காடுதான்' என்று சொன்னால், ஃபிளாட் வட்டியா, குறையும் நிலுவைக்கான வட்டியா என்று கேளுங்கள். ஃபிளாட் என்றால் 1,00,000க்கு ஒரு வருட வட்டி 12,000 என்று முதலிலேயே கணக்கிட்டு, 12 தவணையாகப் பிரித்து மாதம் 9,333 வாங்குவார்கள். ஆனால் முழு ஒரு லட்சம் உங்கள் கையில் இருப்பது முதல் மாதம் மட்டும்தானே? ஆறாவது மாதம் முடியும்போது ஏறக்குறைய பாதி அசலைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். குறையும் நிலுவைக் கணக்குக்கு மாற்றினால் இது வருடம் சுமார் 21.5 விழுக்காடு. ப்ராசஸிங் ஃபீஸ் என்று 2,000 பிடித்துக்கொண்டு 98,000 மட்டும் கொடுத்தால் 25 விழுக்காட்டைத் தாண்டிவிடும். இரண்டு கடன்களை ஒப்பிட, விகிதத்தை விட்டுவிடுங்கள்: கைக்கு வரும் தொகை எவ்வளவு, கடைசித் தவணைவரை மொத்தமாகக் கட்டுவது எவ்வளவு என்று கேளுங்கள். காலம் ஒன்றாக இருந்தால் அந்த இரண்டு எண்களே போதும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

பல கடன்கள் இருந்தால், எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத்தைக் கட்டிவிட்டு, மிஞ்சும் பணம் முழுவதையும் வட்டி அதிகமான கடனில் போடுங்கள். சேமிப்பில் சொற்ப வட்டிக்குப் பணத்தை வைத்துக்கொண்டு கார்டுக்கு வருடம் 36 விழுக்காடு கட்டுபவர்கள் நிறையப் பேர். ஒரு மாதச் செலவுக்கானதை மட்டும் அவசரத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதியைக் கடனில் இறக்கலாம். மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கு நிதி சேர்ப்பதெல்லாம் அதிக வட்டிக் கடன் தீர்ந்த பிறகு.

கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை எவ்வளவு ஒழுங்காகக் கையாளுகிறீர்கள் என்பதற்கான மதிப்பெண் பற்றி அளவுக்கு மீறிய பயம் இருக்கிறது. நாளுக்குள் கட்டுவதும், கார்டின் லிமிட்டில் (செலவழிக்க அனுமதித்த உச்சத் தொகையில்) எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பதும்தான் அதில் கனமானவை. லிமிட்டில் 30 விழுக்காட்டுக்குள் இருங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் பதிவாவது பில் தேதியில் உள்ள நிலுவை. ஒரு மாதம் செலவு கூடிவிட்டால் பில் போடும் முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடலாம். உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை (கடன் வரலாற்றுப் பதிவை) நீங்களே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. குறுகிய காலத்தில் நாலைந்து இடத்தில் கடனுக்கு விண்ணப்பித்தால் குறையலாம்.

ஜாமீன் கையெழுத்து வேறு கணக்கு. கடன் வாங்கியவர் தவணை கட்டாவிட்டால் அந்தக் கடன் உங்களுடையது. பாக்கி உங்கள் ரிப்போர்ட்டிலும் ஏறலாம். அவருக்கு அந்தத் தொகையை நீங்களே கொடுத்துவிட்டுத் திரும்ப வராவிட்டாலும் தாங்கும் என்றால் போடுங்கள். இல்லையென்றால், உறவு யாராக இருந்தாலும், முடியாது என்பதை விண்ணப்பம் நிரப்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.